சக்கரத் தடம் – 17: ஒரு மிதிக்கு 7.93 மீட்டர்

எரித்ரிய சைக்கிள் வீரர் பினியம் கிர்மாயை அஸ்மாராவில், டி.வி. முன்னால், தச்சரான அப்பாவின் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தோம். முன்கதை அவ்வளவு போதும். இந்த வாரம் பெல்ஜியத்தின் கென்ட்–வெவல்கெம் பந்தயத்துக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தேன். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஓர் எண் கண்ணில் பட்டது: 7.93. அதை விட்டு நகர முடியவில்லை.

2018-ல் கிர்மாய்க்கு 18 வயது. சுவிட்சர்லாந்தின் ஏகிளில், யு.சி.ஐ. எனும் உலக சைக்கிள் சம்மேளனம் நடத்தும் பயிற்சி மையத்துக்கு வந்து சேர்ந்த வருஷம். பெல்ஜியத்தில் நடந்த ஜூனியர் போட்டி ஒன்றில், ஒரு நாளின் ஓட்டத்தில், ரெம்கோ எவனபூலை முந்தி ஜெயித்தார். ரெம்கோ சாதாரண ஆள் இல்லை. அதே வருஷம் சாலைப் பந்தயம், தனிநபர் நேர ஓட்டம் இரண்டிலும் ஜூனியர் உலகப் பட்டம் வாங்கியவர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அதே இரண்டிலும் தங்கம்.

அந்த இரண்டு பையன்களையும் ஒரே விதி கட்டியிருந்தது. ஜூனியரின் சைக்கிள், பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் 7.93 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பெரிய கியரைப் போட்டு முழங்காலைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது, காலை வேகமாகச் சுழற்றப் பழக வேண்டும் என்பதுதான் காரணம். சோதிக்கும் விதம்தான் என்னைப் பிடித்து உட்கார வைத்தது. கம்ப்யூட்டர் எதுவும் இல்லை. தரையில் இரண்டு கோடு. சைக்கிளைப் பெரிய கியரில் வைத்து, முதல் கோட்டிலிருந்து பின்பக்கமாக உருட்டுவார்கள். பெடல் ஒரு சுற்று முடியும்போது சக்கரம் அடுத்த கோட்டைத் தாண்டியிருந்தால் தீர்ந்தது.

ஏன் பின்பக்கம்? புதன்கிழமை காலையில் என் ஹெர்குலிஸைத் தள்ளிக்கொண்டு எங்கள் தெரு சைக்கிள் கடைக்குப் போனேன். அப்பா வாங்கிய வண்டி, அம்பத்தூரில் டி.ஐ. கம்பெனியில் செய்தது.

“முன்னால தள்ளினா பிரீவீல் டிக்டிக்னு தனியா ஓடும் சார், பெடல் அசையாது. பின்னால இழுத்தா பல் கடிச்சிக்கும், பெடலும் கூடவே சுத்தும்” என்றார் கடை அண்ணன். நாற்பது வருஷம் ஓட்டிய வண்டியில் நான் கவனிக்காத விஷயம்.

சாக்பீஸால் கோடு போட்டோம். முன்னால் 44 பல், பின்னால் 18. அண்ணன் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, நான் குனிந்து பெடலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிர் வீட்டில் தறியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். டேப்பில் 5.4 மீட்டர். ஜூனியர் பந்தய சைக்கிளில் முன்னால் 52, பின்னால் 14 பல் வைத்தால் சுமார் 7.8 வரும், விதிக்குள் அடங்கும். பின்னால் ஒரே ஒரு பல் குறைத்து 13 ஆக்கினால் கோட்டைத் தாண்டிவிடும். பெரியவர்களின் 54-க்கு 11-ல் பத்து மீட்டருக்கு மேல்.

இப்போது கணக்கு போடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நிமிஷத்துக்கு 1,000 மீட்டர். பெரியவர் 97 சுற்று மிதித்தால் போதும். ஜூனியர் 126 சுற்று மிதித்தாக வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும் தறிக்காரர் மகன் தன் இலவச சைக்கிளில் சோளிங்கர் ரோட்டில் ஒரு நிமிஷம் உயிரைக் கொடுத்து மிதித்தான். நான் எண்ணினேன்: 96. இறங்கியபோது தொடை நடுங்கியது. “இன்னொரு தடவை பாக்கலாம் சார்” என்றான். 98.

கடைசி இருநூறு மீட்டரில் கிர்மாயின் கால்கள் சுழலும் வேகத்துக்கு இந்தக் கோட்டுக்குள் அடங்கி ஓட்டிய நாட்களும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். 2023 முதல் யு.சி.ஐ. இந்த விதியை எடுத்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். பதினேழு வயது முழங்காலுக்கு அந்தச் சாக்பீஸ் கோடு ஒரு காவல்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2020-ல் பிரான்ஸின் டெல்கோ அணியில் கிர்மாய் தொழில்முறை வீரரானார். அந்த அணி தள்ளாடியது. 2021 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் இன்டர்மார்ஷே அணிக்கு மாறினார். அடுத்த மாதமே லூவனில், 23 வயதுக்கு உட்பட்டோருக்கான உலக சாலைப் பந்தயத்தில் இத்தாலியின் பரொன்சினிக்குப் பின்னால் இரண்டாவதாக வந்தார். உலக சாலை சைக்கிள் போட்டியில் கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம் அந்த வெள்ளி. இதற்கே தனி அத்தியாயம் வேண்டும், எழுதுவேன்.

கென்ட்–வெவல்கெம் அடுத்த வாரம். 2022 மார்ச் 27, ஞாயிறு. 249 கிலோமீட்டர். அந்தப் பந்தயத்தில் கிர்மாய் ஓட்டுவதாகவே திட்டம் இல்லை. அஸ்மாராவில் மனைவியும் சின்ன மகளும் காத்திருந்தார்கள். கிளம்ப வேண்டிய நேரத்தில் அணி அவர் பெயரைப் பட்டியலில் சேர்த்தது.

(தொடரும்)