நல்ல தோழரும் கோணிய கோலும்

நம்மிடம் கற்று, இப்பொழுது கொழும்பில் ஒரு கம்பனியில் உத்தியோகம் பார்க்கும் இளைஞன் ஒருவன் சென்ற விடுமுறையில் நம்மைக் காண வந்திருந்தான். வேலையைப் பற்றி விசாரித்ததும் அவன் முகம் வாடிற்று.

“ஐயா, உடன் வேலை செய்பவர்கள் தங்கமானவர்கள். எனக்குக் காய்ச்சல் என்றால் என் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுவார்கள். மேலே உள்ளவர்கள்தாம், பிழை நேர்ந்தால் பத்துப் பேர் முன்னிலையில் ஏசுகிறார்கள். பிழை நேரப்போகிறதென்று முன்கூட்டிச் சொன்னாலும் ஏசுகிறார்கள். நான்தான் தகுதியில்லாதவனோ என்று தோன்றுகிறது” என்றான்.

அவன் இறுதியிற் கூறிய வார்த்தையே நம்மை வருத்தியது. அதற்கு விடையாக நாம் அவனுக்குச் சொன்ன வரலாற்றை வாசகர்க்கும் கூறுகின்றோம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பிரீமொன்ட் நகரில் ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியார் மோட்டார் வண்டித் தொழிற்சாலையொன்றை நடத்திவந்தனர். வண்டிகள் வரிசையாக நகர்ந்து செல்ல, தொழிலாளர் தத்தம் இடத்தில் நின்று உறுப்புக்களைப் பூட்டுவர். அவ்வரிசை எக்காரணங்கொண்டும் நிற்றலாகாது என்பது அங்கே கட்டளை. கண்முன்னே பிழை தெரிந்தாலும் வண்டியை அப்படியே அனுப்பிவிட வேண்டியதுதான். தொழிலாளர் தம் சங்கத்தில் ஒன்றுபட்டு நின்றனர். ஆயினும் அவ்வொற்றுமையெல்லாம் நிருவாகத்தோடு பொருவதிலேயே கழிந்தது. ஆயிரக்கணக்கான முறைப்பாடுகள் தீர்வின்றிக் கிடந்தன. நூற்றுக்கு 20 பேர் வேலைக்கு வாராத நாட்களும் பல. சிலர் வேலை நேரத்திலேயே மது அருந்தினர். 1982ஆம் ஆண்டில் தொழிற்சாலை மூடப்பட்டபோது, ‘உதவாத தொழிலாளர்’ என்னும் பெயரே அவர்க்கு எஞ்சிற்று.

1984ஆம் ஆண்டில் ஜப்பானிய டொயோட்டா கம்பனியார் ஜெனரல் மோட்டோர்ஸுடன் கூட்டுச்சேர்ந்து அதனை மீண்டும் திறந்தனர். நிருவாகம் டொயோட்டாவின் கைக்கு வந்தது. வேலைக்கு எடுக்கப்பட்ட தொழிலாளரிற் பெரும்பாலார் பழையவரே. சங்கமும் பழைய சங்கமே. அவர்களிற் பலர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றனர். இப்பொழுது ஒவ்வொரு தொழிலாளிக்கும் கையெட்டும் தூரத்தில் ஒரு கயிறு தொங்கிற்று. இடர் கண்டவர் அதனை இழுக்கலாம். உடனே குழுத் தலைவர் விரைந்து வருவார், ஏசுவதற்கன்று, உதவுவதற்கு. இடர் தீராவிடின் வரிசை நிற்கும்.

வேலை இலகுவாயிற்றென்று எவரும் கருதற்க; முன்னையிலும் ஓய்வின்றியே கைகள் இயங்கின. எனினும், வேலைக்கு வாராதோர் தொகை நூற்றுக்கு 5இலும் குறைந்தது. அவர்கள் செய்த வண்டிகள் தரத்தில் ஜப்பானிற் செய்தவற்றோடு ஒப்பிடத்தக்கனவாயின. 2010ஆம் ஆண்டுவரை அக்கூட்டு முயற்சி நிலைத்தது.

ஆட்கள் பெரும்பாலும் அவர்களே. மாறியது அவர்களை ஆண்ட முறை. அச்சத்தால் ஆளப்பட்டவிடத்து உதவாதவர் எனப்பட்டோரே, மதிப்போடு நடத்தப்பட்டவிடத்துத் திறமையாளராயினர். வள்ளுவர் கொடுங்கோன்மையைக் கூறியதோடு அமையாது, அதனையடுத்து ‘வெருவந்த செய்யாமை’ என்றும் ஓர் அதிகாரம் வகுத்தமை எத்துணைப் பொருத்தம்! அஞ்சத்தக்கவற்றைச் செய்யாமை அரசர்க்கு மட்டுமன்று, பத்துப் பேரை வேலைவாங்கும் எவர்க்கும் உரிய அறமாகும்.

நல்ல தோழர் பெரும் பேறு, ஐயமில்லை. ஆனால் அவர் அன்பு துன்பத்தைப் பொறுக்கச் செய்யுமேயன்றி, அதன் காரணத்தை நீக்காது. சிலவேளை அவ்வன்பே ஒருவனை ஆகாத இடத்தில் ஆண்டுக்கணக்காகக் கட்டிவைத்துவிடும். ஆதலால் பெற்றோரும், “கிடைத்த உத்தியோகத்தைப் பொறுத்துக்கொள்” என்று பிள்ளைகளுக்கு உடனே சொல்லிவிடாது, அவர்கள் படும் பாட்டைச் சற்றுச் செவிகொடுத்துக் கேட்டல் நன்று.

“தம்பி, உன் தகுதியை அந்தக் கம்பனியாரின் ஏச்சைக் கொண்டு அளவாதே. நாளை நீ மேலே அமரும்போது, கயிற்றை இழுத்தவனிடம் உதவப் போகிறவனாய் இரு” என்றோம்.

விடைபெறும்போது அவன் சிறிது தயங்கி நின்றான். “வேறோரிடத்துக்கு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன், ஐயா. படிவத்தை நிரப்ப உதவியவரும் பக்கத்து மேசை நண்பர்தான்” என்று கூறி முறுவலித்தான்.