கணக்கும் கரையும் – 11: வந்து சேராத கடதாசிகள்

படகு கவிழும் வாய்ப்பைச் சென்ற வாரம் கணக்கிட்டோம். கவிழ்ந்த பிறகு என்ன நடக்கிறது?

2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, அங்கிருந்து ஒரு கடதாசி திருகோணமலை நகருக்கு வருவதென்றால் பெரும்பாலும் பாதையில் ஏறித்தான் வர வேண்டியிருந்தது. வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவையை இந்தப் பக்கத்தில் பாதை என்பார்கள். படகு உடைவது ஒரு நாளில் முடிந்துவிடும். பொலிஸ் முறைப்பாடு, கிராம உத்தியோகத்தரின் கடிதம், சேதத்தை மதிப்பிட வருபவரின் அறிக்கை என்று எல்லாம் கூடி நட்டஈட்டுக் கோரிக்கையாக மேசைக்கு வர வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். அதுவரை காப்புறுதி நிறுவனத்தின் கோப்பில் அந்தப் படகு முழுசாகவே மிதக்கிறது. ஆனால் நட்டஈட்டைக் கொடுக்க வேண்டிய கடன் ஏற்கெனவே பிறந்துவிட்டது.

நேர்ந்தும் அறிவிக்கப்படாத இழப்பு என்பது இதுதான். கண்ணுக்குத் தெரியாத இதை எப்படி எண்ணுவது? தாமதத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒரு கற்பனைக் கணக்கு: முந்தைய ஆண்டுகளில், மொத்தக் கோரிக்கைகளில் பாதிதான் மூன்றாம் மாத முடிவுக்குள் வந்து சேர்ந்தது. இந்த ஆண்டு அதே காலத்தில் 60 வந்திருக்கிறது என்றால் மொத்தம் 120 ஆகலாம். இன்னும் 60 வழியில் இருக்கின்றன. மாதத்துக்கு மாதம் இப்படிப் பெருக்கிக்கொண்டு போவதுதான் சங்கிலி ஏணி முறை. அந்த மதிப்பீடு எவ்வளவு பிசகக்கூடும் என்பதை அளக்கும் சூத்திரத்தை 1993 இல் தோமஸ் மாக் வெளியிட்டார். எனக்கு ஏணியைவிட அதுதான் பெரிதாகப் படுகிறது. 120 என்பவர் ‘100 ஆகவும் இருக்கலாம், 150 ஆகவும் இருக்கலாம்’ என்று சேர்த்துச் சொன்னால்தான், ஒதுக்கிய பணம் போதுமா என்று பார்க்க முடியும்.

ஏணி நிற்பது ஒரு நம்பிக்கையில்: நேற்றைய தாமதம் போலத்தான் இன்றைய தாமதமும். 2004 டிசம்பர் 26 காலை அந்த நம்பிக்கை உடைந்தது. வழமையான இழப்புகள் தனித்தனியானவை: உவர்மலையில் ஒரு கார் மோதினால் நிலாவெளியில் இன்னொன்று மோதுவதில்லை. ஆழிப்பேரலையோ மூதூரையும் கிண்ணியாவையும் ஒரே காலையில் அடித்தது. சான்றிதழ்கள், படகுப் பதிவுகள், அவற்றைத் தர வேண்டிய அலுவலகங்கள் எல்லாம் அதே தண்ணீரில். கரையோரத்தில் பெரும்பாலானோருக்குக் காப்புறுதியே இருக்கவில்லை. இருந்தவர்களின் குடும்பத்தினரிடமும் காட்ட ஒரு கடதாசி இல்லை.

கடலோடு போனவரின் உடல் கிடைக்காவிட்டால்? சான்றுக் கட்டளைச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட காலம் தகவல் இல்லாத ஒருவரைத்தான் இறந்தவராகக் கொள்ளலாம். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்க, மரணங்களைப் பதிவதற்கான தற்காலிகச் சட்டமொன்றைப் பாராளுமன்றம் 2005 இல் நிறைவேற்றியது. பழைய ஏடுகளிலிருந்து தாமதத்தைக் கற்ற எந்த மாதிரிக்கும் இது தெரிந்திருக்க வழியில்லை. ஒரு சட்டம் அந்தக் காத்திருப்பை வெட்டுகிறது; ஒரு பாலம் பாதைக்காகக் காத்திருந்த நேரத்தை வெட்டுகிறது. போர்க்காலத்தில் மூடப்பட்ட வீதி தாமதத்தை நீட்டியது.

ஆகவே கொழும்பிலிருந்து கிழக்குக்கு இந்தக் கணக்கைப் போடுபவர் அட்டவணையைத் திறக்குமுன் பிரதேச செயலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்க வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு வெருகல் வீதி திறந்துவிட்டதா? கிராம உத்தியோகத்தர் கடமைக்குத் திரும்பிவிட்டாரா? இந்த மாதம் கோரிக்கைகள் குறைந்திருப்பது இழப்புக் குறைந்ததாலா, வழி இல்லாததாலா என்பதை அந்தப் பதில்களில்தான் கேட்கலாம்.

(தொடரும்)