டாக்டர் மட்டும் போதுமா?

ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவானால் ஊரே மகிழ்கிறது. உதவியும் தேடி வருகிறது. உயிரியலில் பட்டம் பெற்று மருத்துவ ஆய்வுக்குச் செல்லும் பிள்ளையை யாரும் விசாரிப்பதில்லை.

அக்குறணை, மடவளை, கம்பளைப் பிள்ளைகளுக்கு வாய்ப்பு அருகிலேயே உள்ளது. பேராதனையில் 1996இல் உருவான பட்டப்பின்படிப்பு விஞ்ஞான நிறுவகம் எம்.பில்., பி.எச்.டி. பட்டங்களுக்கு வழிசெய்கிறது. ஹந்தானையில், 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவகத்தில் ஆய்வு உதவியாளராகப் பணியாற்றியபடியே அப்பட்டங்களுக்குப் பதிவோரும் உண்டு.

ஆனால், ஆய்வு நிதி உள்ளவரைதான் கொடுப்பனவு. நிதி தீர்ந்தும் ஆய்வேடு முடியாத மாதங்களில்தான் வசதியற்ற பிள்ளை தடுமாறுகிறது. நமது புலமைப்பரிசில் நிதியங்கள் அந்த மாதங்களைத் தாங்கட்டும். ஆய்வை முடித்த மூத்தவர்கள் வழிகாட்டட்டும். டாக்டர் எழுதித் தரும் மருந்தும் ஓர் ஆய்வுகூடத்திலிருந்து வந்ததுதானே!