நிலவின் சூட்டைத் தொலைத்த கதை

1972 ஏப்ரலில் நிலவில் இறங்கிய அப்பல்லோ 16 வீரர் ஜான் யங், தரையில் கிடந்த கேபிளில் கால் தடுக்கினார். கேபிள் அறுந்தது. நிலவின் உள்ளிருந்து வெளியேறும் வெப்பத்தை அளப்பதற்காக வைத்த கருவி, ஓர் அளவைகூட அனுப்பாமல் அங்கேயே முடங்கிப் போனது. என்ன இழந்தோம் என்பது அந்தக் கணமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதே சோதனை அப்பல்லோ 15, 17 பயணங்களில் வெற்றி பெற்றது. துளையிட்டு இறக்கிய வெப்பமானிகள் 1977 செப்டம்பரில் அணைக்கப்படும்வரை பூமிக்கு அளவுகளை அனுப்பிக்கொண்டே இருந்தன. ஆனால் பிற்கால ஆய்வாளர்கள் நாசாவின் தரவு மையத்தில் தேடியபோது 1974 இறுதி வரையிலான அளவுகள்தான் இருந்தன. மிச்சம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. எந்தக் கேபிளும் அறுந்து அவை தொலையவில்லை. திட்டம் முடிந்தது, பணம் நின்றது, ஆட்கள் வேறு வேலைக்குப் போனார்கள். அவ்வளவுதான்.

இழப்பு சிறியதல்ல. சோதனையை வடிவமைத்த மார்கஸ் லாங்செத், நிலவின் மேற்பரப்புக்குக் கீழே வெப்பம் மெல்ல ஏறிக்கொண்டே போவதைக் கவனித்திருந்தார். காரணம் தெரியவில்லை. விடை சொல்லியிருக்கக்கூடிய பிந்தைய ஆண்டுகளின் அளவுகள் கைக்குக் கிடைக்காத நிலையிலேயே 1997-ல் அவர் காலமானார்.

டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தின் செய்இச்சி நகிஹாராவும் அவரது குழுவினரும் பல ஆண்டுகள் தேடினார்கள். வாஷிங்டன் அருகே சூட்லாண்டில் உள்ள அரசு ஆவணக் கிடங்கில் 440 காந்த நாடாக்கள் அகப்பட்டன. அத்தனையையும் சேர்த்தாலும் 1975-ன் மூன்று மாதங்களுக்குத்தான் கணக்கு வந்தது. மீதி இடைவெளியை நிரப்பியவை ஹூஸ்டனில் ஓர் ஆய்வு நிலையம் தூக்கி எறியாமல் வைத்திருந்த வாராந்திரப் பதிவேடுகள். கருவி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக அவ்வப்போது குறித்துவைத்த வெப்ப அளவுகள் அவற்றில் இருந்தன. அன்றைக்கு அவற்றை யாரும் அறிவியல் தரவு என்று கருதியிருக்க மாட்டார்கள். 2018-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை புதிருக்கு ஒரு விடை சொன்னது: வீரர்கள் நடந்தும் வண்டி ஓட்டியும் மேல்மண்ணைக் கலைத்ததில், அடியிலிருந்த கருமையான மண் வெளியே வந்து கூடுதல் வெயிலை உறிஞ்சியது. நிலவைச் சூடாக்கியது அதை அளக்கப் போனவர்களின் காலடிதான்.

நாடா கிடைத்துவிட்டால் போதுமா? அதில் 'இத்தனை டிகிரி' என்று எழுதியிருக்காது. கருவி அனுப்பிய வெற்று எண்கள்தான் இருக்கும். எந்த எண் எந்த உணரியிலிருந்து வந்தது, எவ்வளவு ஆழத்தில், எந்த நேரத்தில், அதை டிகிரியாக மாற்றும் சமன்பாடு எது என்பவை வேறெங்கோ காகிதத்தில் இருக்கும். தரவைப் பற்றிய இந்தக் குறிப்புகளைத்தான் 'மீத்தரவு' என்கிறார்கள். பெயர் ஒட்டாத மசாலா டப்பாவை வீட்டில் ஒருவர் மட்டும் முகர்ந்து பார்த்து இனங்காண்பார். அவர் ஊருக்குப் போய்விட்டால் சமையல் நின்றுவிடும். ஆய்வகங்கள் பலவற்றில் நிலைமை இன்றும் இதுதான்.

இது நாசாவோடு நிற்கிற பிரச்சினை இல்லை. 2 முதல் 22 ஆண்டுகள் பழைய 516 உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் மூலத் தரவைக் கேட்டு ஆசிரியர்களுக்கே எழுதிப் பார்த்தது ஒரு குழு. கட்டுரையின் வயது ஓர் ஆண்டு கூடக்கூட, தரவு இன்னும் இருக்கிறது என்பதற்கான சாத்திய விகிதம் 17 சதவீதம் குறைந்துகொண்டே வந்தது. பழைய மின்னஞ்சல் முகவரி செத்துப்போயிருக்கும், அல்லது தரவு இன்றைய கணினியில் நுழையாத வட்டில் உறங்கும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கு மேல் பழைய கண்ணாடித் தகட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் சூரியன் கண்ணுக்குத் தெரியும். 1975-ன் நாடாவைப் படிக்கவோ, அதற்கென்றே ஓர் இயந்திரம் வேண்டும்.

தரவு தொலையாமலே கெட்டுப்போவதும் உண்டு. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு 'மார்ச்1', 'செப்ட்2' என்று சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல் அவற்றைத் தேதி என்று நினைத்து மாற்றிவிடும். எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைத்திருந்த கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததாக 2016-ல் ஓர் ஆய்வு காட்டியது. 2020 வாக்கில் அந்த மரபணுக்களுக்கே பெயர் மாற்றப்பட்டது. மென்பொருளோடு மல்லுக்கட்டுவதைவிட மரபணுவுக்கு மறுபெயர் சூட்டுவது சுலபமாக இருந்திருக்கிறது!

'நகல் எடுத்து வைத்தால் தீர்ந்தது' என்று நினைப்பவர்கள் கியோட்டோ பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம். 2021 டிசம்பரில் அங்குள்ள மீக்கணினியில், நகலெடுக்கும் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் புதிய பதிப்பை ஏற்றினார்கள். பழைய பதிவுக் கோப்புகளை மட்டும் துடைக்க வேண்டிய கட்டளை, ஆய்வாளர்களின் கோப்புகளைத் துடைத்தது. போனது சுமார் 77 டெராபைட். பாதிக்கப்பட்ட 14 குழுக்களில் 4 குழுக்களின் தரவை மீட்க வழியே இல்லாமல் போயிற்று.

சரியாக நடந்த இடமும் ஒன்று உண்டு. புரதங்களின் முப்பரிமாண அமைப்புகளைச் சேமிக்கும் புரதத் தரவு வங்கி, 1971-ல் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் வெறும் 7 அமைப்புகளோடு தொடங்கியது. இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அதன் பலம் கிடங்கின் அளவில் இல்லை, வாசலில் நடக்கும் சோதனையில் இருக்கிறது. தரவை வங்கியில் சேர்த்து அடையாள எண் வாங்காமல் பெரும்பாலான ஆய்விதழ்கள் கட்டுரையை வெளியிடுவதில்லை. சேர்க்க வருகிற ஒவ்வோர் அமைப்பும் சரிபார்க்கப்படுகிறது. அந்தச் சோதனைகளில் ஒன்று ராமச்சந்திரன் வரைபடம். 1963-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் சகாக்களும் புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று கணக்கிட்டு வரைந்தது. அனுமதியில்லாத இடத்தில் புள்ளிகள் விழுந்தால் அமைப்பில் எங்கோ கோளாறு என்று பொருள்.

அந்த வங்கிக்கும் பழைய சுமை இருந்தது. துளை அட்டைக் காலத்து 80 எழுத்து வரிதான் பல பத்தாண்டுகள் அதன் கோப்பு வடிவம். அதில் 99,999 அணுக்களுக்கு மேல் எண்ணிட இடமில்லை. ரைபோசோம் போன்ற பெரிய அமைப்புகளைத் துண்டாக்கிப் பல கோப்புகளில் வைக்க நேர்ந்தது. பின்னர் புதிய வடிவத்துக்கு மாறி, துண்டுகளை ஒன்றுசேர்த்தார்கள். யார் கண்ணிலும் படாத, பரிசு எதுவும் கிடைக்காத வேலை. ஆனால் புரத அமைப்பைக் கணிக்கும் ஆல்பாஃபோல்ட் பயின்றது இந்த வங்கியின் தரவில்தான். அதை உருவாக்கியவர்களுக்கு 2024-ல் வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது.

இப்போது நிதி தருபவர்களும் முன்கூட்டியே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை 2011 முதல், விண்ணப்பத்தோடு தரவு மேலாண்மைத் திட்டமும் வேண்டும் என்கிறது. இந்தியாவில் 2012-ல் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை வந்தது. 2022-ல் ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறக்கப்பட்டது. படிவங்கள் பெருகும்போது அவற்றைச் சடங்காக நிரப்பும் பழக்கமும் பெருகுகிறது. எந்தக் கோப்பு வடிவம், எத்தனை நகல், யாருக்கு அனுமதி என்ற கேள்விகளுக்கெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஆய்வு முடிந்து மாணவர் முனைவராகி வேறு ஊர் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்ற கட்டத்தில் மட்டும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: 'துறைக் கணினியில் இருக்கும்.'