மழை மாதத்தில் மலையேற்றம்



டிசம்பரில் அடைமழை பிடித்துக்கொண்டால் பால்வெட்டு நடக்காது. லயத்தில் எத்தனை நாள்தான் முடங்கிக் கிடப்பது? இடையில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்ததும், நான்கைந்து இளைஞர்கள் சேர்ந்து "லேடாங் மலைக்குப் போய் வரலாமா?" என்று கிளம்பிவிடுகிறார்கள். போகவேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் மழை மாதத்தில் அந்த மலைக்கு வேறு முகம் உண்டு.

தங்காக்கிற்கு அருகே நிற்கும் குனோங் லேடாங் 1,276 மீட்டர் உயரம். 1854-ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கில இயற்கை ஆராய்ச்சியாளர் ஒரு நண்பரோடும் ஆறு மலாய்க்காரர்களோடும் இதில் ஏறினார். டிசம்பர் மழைக்கு வெகு முன்னதாகவே போனதால் அவர்களை வாட்டியது தாகம். தண்ணீர் இருக்கும் என்று நம்பிய இடத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில், பூச்சி பிடிக்கும் குடுவைச் செடிகளில் தேங்கியிருந்த நீரைக் குடித்தார்கள். பூச்சிகள் கிடந்த நீர்தான். ஆனாலும் சுவை நன்றாக இருந்ததாம்! அதே மலையில் டிசம்பரில் ஆபத்தே தண்ணீர்தான்.

எப்படி என்கிறீர்களா? காட்டில் பெய்யும் மழையைச் சருகும் வேரடி மண்ணும் முதலில் உறிஞ்சிக்கொள்கின்றன. அடுக்களையில் தண்ணீர் சிந்தினால் பழந்துணி போட்டு ஒற்றுகிறோம் அல்லவா, அதைப் போல. துணி ஊறிவிட்டால் பிறகு அது எதையும் ஏற்காது. நாலைந்து நாள் விடாமல் பெய்தபின் காட்டு மண்ணும் அப்படித்தான். லேடாங்கோ கருங்கல் மலை. அதற்குமேல் விழும் மழை பாறையில் வழிந்து நேரே ஓடைக்கு வந்துவிடும். சாகில் அருவியில் குளிப்பவர் தலைக்குமேல் வெயில் அடிக்கும். அந்நேரமே உச்சியில் பெய்த மழை வெள்ளமாக இறங்கிக்கொண்டிருக்கும். மலாய்க்காரர்கள் இதைக் 'கெபாலா ஆயர்', அதாவது நீரின் தலை என்பார்கள்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைச் சூழ்ந்த வெள்ளம் பலருக்கு நினைவிருக்கும். பெரிய ஆறு மணிக்கணக்கில் ஏறும். மலை ஓடை நிமிடக்கணக்கில் ஏறிவிடும். தெளிந்த நீர் திடீரென்று தேத்தண்ணி நிறமானால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், இரைச்சல் கூடினால், உடனே கரையேறி மேட்டுக்குப் போங்கள். பையும் சப்பாத்தும் அக்கரையில் இருந்தால் இருக்கட்டும். மழை விட்டு நீர் வடியும்வரை காத்திருங்கள்.

அட்டைகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. வாலஸின் கழுத்திலேயே ஒன்று ஒட்டிக்கொண்டதாம். தொல்லைதான், உயிருக்கு மோசமில்லை.

குளிர் அப்படியல்ல. ஜொகூரில் குளிரா என்று சிரிக்கவேண்டாம். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் அரை பாகைக்கு மேல் வெப்பம் குறைவதால், உச்சியில் அடிவாரத்தைவிட ஏறக்குறைய 7 பாகை குறைந்திருக்கும். நனைந்த சட்டையும் காற்றும் சேர்ந்தால் உடம்பு சூட்டை இழந்துகொண்டே போகும். நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு நடுக்கம் நின்று பேச்சுக் குழறினால், தேறிவிட்டான் என்று எண்ணிவிடாதீர்கள். நிலைமை முற்றுகிறது என்று பொருள். ஈர உடையைக் களைந்து, உலர்ந்த துணியால் போர்த்தி, உடனே உதவிக்கு ஆள் அழையுங்கள். அதற்காகவே ஆளுக்கொரு மாற்றுடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துச் செல்வது நல்லது.

மலை இப்போது ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அலுவலகத்தில் பெயர் பதிந்து, வழிகாட்டியோடு ஏறவேண்டும். மூடியிருக்கிறது என்றால் பக்கவழியாக நுழையாமல் திரும்பிவிடுங்கள். புறப்படுமுன் வீட்டில் அம்மாவிடம், எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். தேடி வருபவர்கள் முதலில் கேட்பது இந்த மூன்றைத்தான்.