பெயர் போன பிறகும் நிற்கும் பல்லவி

ஏரல் பக்கம், கொற்கையை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. மறதிநோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என்னைத் தன் தம்பி என்று நினைத்துப் பேசுகிறார்கள். காலையில் சாப்பிட்டது மத்தியானம் நினைவில்லை. ஆனால் சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் யாராவது ஒரு கீர்த்தனையை எடுத்தால் கடைசிச் சரணம் வரைக்கும் ஒரு சொல் பிசகாமல் பாடுகிறார்கள். பரமண்டல ஜெபமும் அப்படியே வருகிறது. விசுவாசத்துக்கென்று மூளையில் தனி இடம் இருக்கிறதா? நோய் அதைத் தொடாதா?”

தனி இடம் இல்லை. ‘மூளையில் கடவுள் புள்ளி’ என்று பத்திரிகைகள் ஒரு காலத்தில் ஆர்ப்பாட்டமாக எழுதின; அப்படியொரு புள்ளியை யாரும் காட்டியதில்லை. ஜெபிக்கும்போது வேலை செய்வது பேச்சுக்கும் நினைவுக்கும் கவனத்துக்கும் உணர்ச்சிக்கும் உரிய அதே பகுதிகள்தான். நோய் அவற்றையும் தொடும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் தொடுவதில்லை. இந்தக் கேள்வி ஒரு வீட்டோடு நிற்பதும் இல்லை. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் அறுபதைத் தாண்டியவர். திருநெல்வேலி, நாசரேத் பக்கத்துக் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையைப் பார்த்தாலே இது தெரியும்.

இனி, வாட்ஸ்ஆப்பில் சுற்றும் செய்தியை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். ‘தினமும் ஜெபிப்பவர்களுக்கு மறதிநோய் வராது’ என்கிறது அது. அமெரிக்காவில் 1986இல் டேவிட் ஸ்னோடன் தொடங்கிய கன்னியர் ஆய்வை இதற்குச் சாட்சியாக இழுப்பார்கள். நோட்ரடாம் சபையைச் சேர்ந்த, 75 வயதைக் கடந்த 678 கன்னியர்கள் அதில் பங்கெடுத்தார்கள். ஆண்டுதோறும் நினைவுச் சோதனைக்கு உட்பட்டார்கள். இறந்த பிறகு தங்கள் மூளையையும் ஆய்வுக்குக் கொடுத்தார்கள். அந்தக் கொடையை நினைத்தாலே மனம் நெகிழ்கிறது. ஆனால் அந்த ஆய்வு வாட்ஸ்ஆப் செய்திக்கு நேர் எதிரானது. 678 பேரும் தினமும் ஜெபித்தவர்கள்தாம். அவர்களில் பலருக்கு மறதிநோய் வந்தது. ஏறக்குறைய ஒரேவிதமான மடத்து வாழ்க்கை, சாப்பாடு, ஜெபநேரம் என்று வாழ்ந்தவர்களை ஸ்னோடன் தேர்ந்தெடுத்ததே, இவை எல்லாம் ஒன்றாக இருக்கும்போது வேறு எது வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று பார்க்கத்தான். இளம் வயதில் அவர்கள் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்புகளில் கருத்துகள் எவ்வளவு செறிவாக இருந்தன என்பது, அறுபது ஆண்டு கழித்து வரும் நோயோடு தொடர்புபட்டிருந்தது. ஜெபத்தைப் பற்றி அந்த ஆய்வு சொல்ல வந்தது எதுவுமில்லை.

‘கோயிலுக்குப் போகிறவர்கள் அதிக நாள் வாழ்கிறார்கள்’ என்ற கணக்கையும் பார்த்தே ஏற்க வேண்டும். முழங்கால் வலி வந்தவுடன் கோயிலுக்குப் போவது நின்றுவிடுகிறது. கணக்கெடுப்பில் அவர் ‘போகாதவர்’ ஆகிவிடுகிறார். சில ஆண்டுகளில் இறந்தும் போகிறார். அவருடைய விசுவாசத்துக்கும் அவர் மரணத்துக்கும் நடுவில் ஒரு முழங்கால் இருந்தது என்பதைச் சில ஆய்வுகள் கணக்கில் எடுக்கின்றன. பல ஆய்வுகள் எடுப்பதில்லை. விசுவாசத்தை மாத்திரைபோல விற்பது விஞ்ஞானத்துக்கும் பொருந்தாது. விசுவாசத்துக்கும் அது மரியாதை இல்லை. நோய் வந்த ஒரு தாயைப் பார்த்து ‘ஜெபம் குறைந்துபோயிற்றோ’ என்று யாராவது கேட்டுவிட்டால் அந்த வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய கொடுமை!

சரி, அந்த அம்மாவின் மூளையில் நடப்பது என்ன? மறதிநோயில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸையும் அதன் வாசலில் இருக்கும் புறணிப் பகுதியையும் முதலில் தாக்குகிறது. ‘இன்று காலை என்ன நடந்தது’ என்பதைப் பதித்துவைக்கும் இடம் அது. அதனால்தான் காலையில் சாப்பிட்ட இட்லி மறந்துபோகிறது. ஜெர்மனியில் லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2015இல் வேறொரு கேள்வி கேட்டார்கள். நெடுநாள் பழகிய பாட்டைக் கேட்கும்போது மூளையில் எந்த இடம் விழித்துக்கொள்கிறது? நலமாக இருக்கும் இளைஞர்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது, நெற்றிக்குப் பின்னால், நடுக்கோட்டை ஒட்டி இருக்கும் இரு பகுதிகள் தெரிந்தன. ஒன்று முன் சிங்குலேட் புறணியின் பின்பக்கம்; மற்றது அடுத்தடுத்த அசைவுகளை வரிசைப்படுத்தித் தயார்செய்யும் பகுதி. பிறகு அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அதே இடங்களைப் பார்த்தார்கள். மற்ற இடங்கள் சுருங்கியிருந்தபோதும் இவை அவ்வளவாகச் சுருங்கவில்லை. குளுக்கோஸ் எரிவதும் பெரிதாகக் குறையவில்லை. அமிலாய்டுப் படிவு மட்டும் மற்ற இடங்களைப்போல அங்கேயும் இருந்தது. பாட்டு கேட்டவர்கள் வேறு, நோயாளிகள் வேறு என்பதால் இதை முடிந்த முடிவாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் திசை தெளிவாகத் தெரிகிறது. பழகிய பாட்டு, நேற்றைய செய்தியைப்போலச் சேமிக்கப்படுவதில்லை. நாக்கும் மூச்சும் தாளம் போடும் கையும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்ற வரிசையாகவே அது தங்கியிருக்கிறது.

என்னை மிகவும் மகிழ்விக்கும் இடம் இந்த வரிசைதான். மனப்பாடமான கீர்த்தனை ஒன்றின் மூன்றாம் சரணத்தில் இரண்டாவது அடி என்ன என்று யாரிடமாவது கேட்டுப்பாருங்கள். உடனே சொல்ல மாட்டார்கள். உதட்டுக்குள் தொடக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வந்து, அந்த இடம் வந்ததும் சத்தமாகச் சொல்வார்கள். பாட்டு முழுவதும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை. ஓர் அடி முடியும்போது அந்த முடிவே அடுத்த அடியை எடுத்துக்கொடுக்கிறது. வாய்மொழி மரபுகளின் நினைவை ஆராய்ந்த உளவியலாளர் டேவிட் ரூபின் 1995இல் இதை விரித்து எழுதினார்: ஒலி, தாளம், பொருள் மூன்றும் சேர்ந்து ஒவ்வோர் இடத்திலும் வரக்கூடிய சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகின்றன. நம் கீர்த்தனைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். எதுகை இரண்டாம் எழுத்தைக் கட்டிவைக்கிறது. மோனை முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுக்கிறது. ஆதி தாளம், இத்தனை மாத்திரைக்குள் அடங்கு என்கிறது. இத்தனைக்கும் ஈடுகொடுக்கும் சொல் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். தவறான சொல் வந்தால் தாளத்தில் இடிக்கும், பாடுகிறவருக்கே தெரிந்துவிடும். ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புவதால், வழி தவறியவருக்கும் ஒரு நிமிடத்துக்குள் மறுபடி சேர்ந்துகொள்ள இடம் கிடைக்கிறது.

தாமிரபரணிக் கோரையில் பத்தமடையில் நெய்யும் பாயை எடுத்துக்கொள்ளலாம். நீளவாக்கில் ஓடும் பருத்தி நூல் பாவு. குறுக்கே போகும் கோரை ஊடை. மெட்டும் தாளமும் பாவு, சொற்கள் ஊடை. ஒரு வரிசைக் கோரை ஒடிந்து விழுந்தாலும் பாவு நூல்கள் இருபுறமும் இழுத்துப் பிடித்திருப்பதால் இடைவெளியின் அளவு மாறுவதில்லை. எவ்வளவு நீளத்துக் கோரை அங்கே இருந்தது என்று தெரியும். பக்கத்து வரிசைகளின் நிறமே விடுபட்ட நிறத்தைக் காட்டிக்கொடுக்கும். கோரையை மெல்லியதாகக் கிழித்து ஆற்றுநீரில் நாள்கணக்கில் ஊறப்போடாமல் நெய்தால் அது மடக்கும்போது முறிந்துவிடும்; சின்ன வயதில் வாரந்தோறும் ஊறாத பாட்டும் அப்படித்தான். கரை கட்டின பாய் ஓரத்தில் பிரியாது. பல்லவி அந்தக் கரை. பாவை அறுத்தால் மட்டும் நல்ல கோரையும் உதிர்ந்துபோகும். பழைய சொற்களைப் புதிய மெட்டில் போட்டு ஒரு மூதாட்டியிடம் பாடினால் அவர் திகைத்து நிற்பது அதனால்தான்.

ஆனால் ஒன்று: மெட்டுப் போட்டால் எல்லாம் மனதில் நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. வாண்டா வாலஸ் 1994இல் செய்த சோதனைகளில், ஒரே மெட்டு பல அடிக்கூட்டங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தபோதுதான் சொற்கள் நன்றாக நினைவில் நின்றன. ஒருமுறை மட்டும் கேட்ட மெட்டு உதவவில்லை. பாஸ்டனில் 2010இல் நடந்த ஓர் ஆய்வும் கவனிக்கத்தக்கது. முன்பின் கேட்டிராத பாட்டு வரிகளைச் சிலவற்றைப் பேச்சாகவும் சிலவற்றைப் பாடலாகவும் முதியவர்களுக்குக் கேட்கவைத்தார்கள். நலமான முதியவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அல்சைமர் நோயாளிகளோ பாடிக் கேட்ட வரிகளையே அதிகமாக அடையாளம் கண்டார்கள். நோய் வந்த பிறகும் புதிதாகக் கொஞ்சம் உள்ளே போகும், பாட்டின் வழியாக என்பது இதன் பொருள்.

இந்த மனப்பாட மரபு நம் பக்கத்துக்கு வந்த வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கொற்கை கடலை இழந்து, துறைமுகம் பழையகாயலுக்கும் புன்னைக்காயலுக்கும் நகர்ந்துபோன பிறகு, 1542இல் பிரான்சிஸ் சேவியர் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஜெபங்களையும் விசுவாசப் பிரமாணத்தையும் கற்பனைகளையும் தமிழில் பெயர்க்கச் சொல்லித் தானும் மனப்பாடம் செய்தார். மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி வாய்விட்டுச் சொல்லவைத்தார். அச்சடித்த ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல்தான் வந்தது. அதை அச்சிட்ட ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் புன்னைக்காயலில் ஊழியம் செய்தவர். சீர்திருத்த சபைகளின் பக்கம், திருநெல்வேலியில் 1774இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குக் கீர்த்தனைகளைப் பெருக்கிக் கொடுத்தார். 89 வயது வரை வாழ்ந்தார். இவர்கள் யாரும் முதுமைக்காக இதைச் செய்யவில்லை. எழுத்துத் தெரியாத ஊரில் வேறு வழி இல்லாததால் செய்தார்கள்.

முதுமையில் மனிதர்கள் அதிகமாக நினைவுகூர்வது ஏறத்தாழ பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்தைத்தான். ஓய்வுநாள் பாடசாலையில் மனப்பாட வசனம், திடப்படுத்தல் வகுப்பு, மார்கழிக் குளிரில் கீதபவனி, பிறகு கல்யாணம் என்று நம் பக்கத்துக் கிறிஸ்தவ வாழ்க்கையின் தடங்கள் எல்லாம் அந்தக் காலத்துக்குள் வந்துவிடுகின்றன. இப்போது பல கோயில்களில் பாட்டு வரிகள் திரையில் ஓடுகின்றன. பார்த்துப் பாடுகிறார்கள், சில மாதங்களில் அந்தப் பாட்டே மாறிவிடுகிறது. புதுப்பாட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் பார்க்காமல் பாடத்தெரிந்த பாட்டு ஒன்றுகூட இல்லாமல் ஒரு தலைமுறை எண்பது வயதுக்குப் போகப்போகிறதே என்று உண்மையாகவே கவலைப்படுகிறேன்.

‘வாய் பாடுகிறது, அது விசுவாசமா?’ என்று சிலர் கேட்பார்கள். ஸ்கேன் கருவியால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சொல்வதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஒரே அறையில் கிடந்தார். தெளிவான அறிவோடு அங்கிருந்தே பல புத்தகங்களை எழுதினார். எழுதத்தெரிந்த அந்த முதுமையையும், பெயர் தெரியாமல் பல்லவி மட்டும் தெரிந்த முதுமையையும் உயர்வு தாழ்வு வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டிலும் ஒருவரைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்து தாங்குகிறது. முதல் அடியை எடுத்துக்கொடுக்க ஓர் ஆள் இருந்தால்தான் இரண்டாவது அடி வரும்.

அதனால் செய்யவேண்டியவை எளிமையானவை. ‘நான் யாரென்று சொல்லுங்கள் பார்ப்போம்’ என்று அம்மாவைச் சோதிக்காதீர்கள்; அது நோய் தாக்கிய வாசலையே தட்டுவது. பாட்டைத் தொடங்குங்கள். வயதானால் பெண்களின் குரல் சுருதி இறங்கும். ஆண்களுக்குக் கொஞ்சம் ஏறும். கோயில் ஆர்கனின் உயரத்தில் எடுத்தால் அவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மறந்துவிட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வோம். கட்டையைக் குறைத்து, மெதுவாக எடுங்கள். சங்கீதம் வாசித்தால் அவர்கள் சிறுவயதில் கற்ற பழைய மொழிபெயர்ப்பையே வாசியுங்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு படிக்க எளிது. ஆனால் அதன் சொற்கள் அவர்களுடைய நாக்கில் இல்லை. வீட்டுக்கு நற்கருணை கொண்டுவரும் ஐயரிடமும் பழைய ஆராதனை ஒழுங்கையே கேட்டு வாங்குங்கள்.

காதையும் கண்ணையும் மறக்கக் கூடாது. தடுக்க வாய்ப்புள்ள 14 ஆபத்துக் காரணிகள் என்று லான்செட் ஆணையம் 2024இல் பட்டியலிட்டவற்றில் காது மந்தமாவதும், சிகிச்சை பெறாத பார்வைக் குறைவும் உண்டு. பிரசங்கம் கேட்கவில்லை என்று பின்வரிசைக்குப் போய், பிறகு வீட்டோடு நின்றுவிட்ட எத்தனை பெரியவர்கள்! அவர்களுக்குத் தேவைப்படுவது காதுக் கருவியும் கண்புரை அறுவையும், அறிவுரை அல்ல.

சேகரத்து வாலிபர்களுக்கு ஒரு வேலை சொல்லலாம். நலமாக இருக்கும் ஒவ்வொரு பெரியவரிடமும் போய், பார்க்காமல் பாடத்தெரிந்த பாட்டுகளின் முதலடிகளை எழுதிக்கொள்ளுங்கள். மெட்டையும் போனில் பதிவுசெய்யுங்கள். ஒரே கீர்த்தனைக்கு ஊருக்கு ஊர் மெட்டு மாறுவதுண்டு, பிறந்த ஊர் மெட்டு வேறு, வாழ்க்கைப்பட்ட ஊர் மெட்டு வேறாக இருக்கலாம். ஒரு நகல் வீட்டில் பைபிளுக்குள் இருக்கட்டும், இன்னொன்று சேகர அலுவலகத்தில் இருக்கட்டும். பத்து வருஷம் கழித்து அவரைக் கவனிக்க வருகிற நர்ஸோ மருமகளோ அதைப் பார்த்துத்தான் தொடங்க வேண்டியிருக்கும்.