பனையல்லாத பனை

பினாங்கின் சூலியா தெருவில் அஞ்சடி நடைபாதைத் தொட்டியொன்றில் சிவந்த இலை விரித்து நிற்கும் ஜெஞ்சுவாங் செடி, கடும் உறைபனி விழுந்தால் ஓரிரவில் கருகிவிடும். அதே கோர்டிலைன் பேரினத்து நியூசிலாந்து மரமோ சுழியத்துக்குக் கீழே ஏழெட்டு டிகிரியையும் தாங்கும். இங்கிலாந்தின் டார்பே கரையில் அதற்கு ‘டார்பே பனை’ என்று பெயர். உண்மையில் அது தண்ணீர்விட்டான் குடும்பம். இது வெறும் பெயர்த் தகராறில்லை. பனைக் குடும்பத்துத் தென்னைக்குக் குருத்து ஒன்றுதான். அது அழுகினால் மரமே போயிற்று. டார்பே பனைக்கோ மண்ணுக்கடியில் தடித்த தண்டும் அதில் உறங்கும் மொட்டுகளும் உண்டு. 2010-11 கடுங்குளிரில் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் தலை செத்த மரங்கள் பல, பிறகு அடியிலிருந்து துளிர்த்தன.

குளிர் தாங்குமென்றால் பினாங்கின் 833 மீட்டர் உயரக் கொடிமலைக்கு டார்பே பனைதானே பொருத்தம் என்று கேட்கலாம். அங்கே உறைபனியே விழாது, ஜெஞ்சுவாங்கே போதும். உறைபனி நாட்டிலோ டார்பே பனைக்குக் குளிரோடு, குருத்தில் தேங்கி உறையும் ஈரமும் பெரிய எதிரி. அதனால்தான் இலைகளைக் கூட்டி, குடுமிபோல் தளர்வாகக் கட்டிவைக்கிறார்கள். குளிர் தணிந்ததும் அவிழ்க்காவிட்டால் அந்தக் கட்டுக்குள்ளேயே குருத்து அழுகலாம். நீர் வடியாத களிமண்ணில் எந்தக் குடுமியும் உதவாது.